முதலில் கூப்பிட வேண்டிய பெயர்

டீச்சரான்னு கேக்குறீங்க. இல்லம்மா. உயரமா இருந்தா போலீஸான்னு கேப்பாங்க, குரல் பெருசா இருந்தா டீச்சரான்னு கேப்பாங்க. எனக்கு ரெண்டும் இருக்கா, ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க. நான் ரயில்வேல இருந்தேன். பொன்மலைல. சும்மா ஒரு ஆபீஸ் வேலை, ஆனா என்னை எடுத்தது பாஸ்கட்பால் ஆடத்தான். இப்ப ரிட்டயர் ஆயாச்சு. ஜெபக்கனின்னு பேரு. இந்தியாவுக்கு ஆடியிருக்கேன். நீங்க கேள்விப்பட்டிருக்கமாட்டீங்க. பரவால்ல, யாரும் கேள்விப்பட்டதில்ல.

கம்பத்துல ஒரு பொண்ணைப் பாத்துட்டு வர்றேன். ரெண்டு பொண்ணுன்னு சொல்லணும். அந்த ரெண்டும் சேந்து என்னை இந்த வருஷம் படுத்தின பாடு இருக்கே, எங்க ஆபீஸ்ல அத்தனை வருஷத்துல யாரும் படுத்தல. நல்லது செய்யப் போனா இப்படித்தான். நீங்க திண்டுக்கல் வரைக்கும்தானே? அப்பக் கேளுங்க, பொழுது போகும்.

பொம்பளைப் பிள்ளைங்களுக்குன்னு புதுசா ஒரு லீக் ஆரம்பிச்சாங்கம்மா. ஊருக்கு ஒரு டீம், டீமுக்கு ஒரு முதலாளி. எங்க திருச்சி டீமுக்கு தனபாலன்னு ஒருத்தர், பிளாஸ்டிக் பைப் கம்பெனி வச்சிருக்கார். ஆளுங்களை எடுக்க டிராஃப்ட்னு ஒண்ணு வைப்பாங்க. ஏலம் இல்ல. போன வருஷம் கடைசியா வந்த டீம் முதல்ல ஒரு பொண்ணு பேரைக் கூப்பிடலாம். அப்புறம் அடுத்த டீம், அதுக்கப்புறம் அடுத்தது. பந்தில முதல் இலைல உக்காந்தவனுக்கு வடை நிச்சயம்ல, அந்த மாதிரின்னு வச்சுக்கங்க. எங்க டீம் முதல் வருஷம் எல்லார்கிட்டயும் அடி வாங்கிக் கடைசில வந்துச்சு. அதனால முதல் கூப்பிடு எங்களுக்கு.

தனபாலன் போன் பண்ணார். "மேடம், ரெண்டு பொண்ணைச் சொல்றாங்க. எதுன்னு எனக்குத் தெரியல. எனக்கு பைப் தெரியும், பந்து தெரியாது. நீங்க போய்ப் பாத்துட்டு எதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னார். ரிட்டயர் ஆகி வீட்டுல சும்மா உக்காந்திருந்தேனா, ஒரு மனுஷன் மதிச்சுக் கூப்பிடுறாரேன்னு கிளம்பிட்டேன்.

ஒண்ணு சுடர்க்கொடி. ராஜபாளையம் பக்கம். என்னைவிட உயரம். நான் ஒரு பொண்ணை அண்ணாந்து பாத்தது அன்னைக்குத்தான். ரிங்குக்குக் கீழ நின்னான்னா கோயில் தூண் மாதிரி, சுத்தித்தான் போகணும். அமைதி. சொன்னதைக் கேக்குற பொண்ணு. என்னைக் கண்டதும் எந்திரிச்சு நின்னு, ரெண்டு கையும் சேத்துக் கும்பிட்டா.

இன்னொண்ணு ஷமீமா. கம்பத்துப் பொண்ணு. குள்ளம். என் தோளுக்கு வருவா. ஆனா பந்து கைக்கு வந்துட்டா அது அவ சொன்ன இடத்துக்குப் போகும். இந்தப் பக்கம் பாத்து அந்தப் பக்கம் பாஸ் கொடுப்பா, எதிர் டீம்காரி காத்தைப் பிடிச்சிட்டு நிப்பா. திறமைல குத்தம் சொல்ல முடியாது. வாய்தான். அம்பயர்கிட்ட வாய், கோச்கிட்ட வாய். நான் போய் என்னைப் பத்திச் சொன்னா, வாயில புளிப்பு மிட்டாயை ஒதுக்கிக்கிட்டே என் காலையே பாக்குறா.

"மேடம், முட்டி எப்படிப் போச்சு?"

சொன்னேன். நேஷனல்ஸ் ஃபைனல்மா அது. முந்தின நாளே முட்டி வீங்கிப்போச்சு. இன்னாசி மாஸ்டர்தான் எங்க கோச். அவர் இல்லன்னா நான் இல்ல. சாயர்புரத்துல பனங்கிழங்கு தின்னுக்கிட்டுக் கிடந்தவளை இழுத்துட்டு வந்து ஆளாக்கினவர். டாக்டரைக் கூட்டிட்டு வந்து வலி தெரியாம இருக்க ஊசி போடச் சொன்னார். என் தோள்ல கை வச்சு, "வலி வரும், போயிரும். தோத்தது போகாது"ன்னார். ஆடினேன். ஜெயிச்சோம். அதுக்கப்புறம் ஆடல, அது வேற விஷயம். அன்னைக்கு சிமெண்ட் தரை, முந்தின நாள் மழை, நானும் கொஞ்சம் எடை போட்டிருந்தேன். முட்டி போறதுக்கு ஆயிரம் காரணம்.

இதைச் சொன்னா அந்தக் குள்ளி கேக்குறா, "முட்டி போனப்புறம் மாஸ்டர் வந்து பாத்தாரா மேடம்?"

பாருங்க கேள்வியை. அவருக்கு அடுத்த டீம் இருந்துச்சு, அடுத்த வருஷம் இருந்துச்சு. எப்படி வருவார்? நான் எதிர்பாக்கவே இல்ல. அதைச் சொன்னேன். "ம்"னுட்டு மிட்டாயைக் கடிச்சா. அந்தக் கணமே முடிவு பண்ணிட்டேன், சுடர்க்கொடிதான்னு. குணமும் வேணும்ல?

நான் அந்த ரெண்டு பேரையும் பாத்தது திண்டுக்கல்ல நடந்த ஒரு டோர்னமெண்ட்லதான். கடைசி மேட்ச் முடிஞ்சு சுடர் கேலரிலேர்ந்து இறங்குறா. நான் கீழ நிக்கிறேன். அவ நேரா இறங்கல, உடம்பை ஒருக்களிச்சு ஒருக்களிச்சு, ஒவ்வொரு படியா இறங்குறா. அப்படி இறங்குறது யாருக்குத் தெரியும்? அப்படி இறங்குறவளுக்குத்தான் தெரியும். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். மேட்ச் பூரா அவ குதிச்சுட்டு வலது கால்லயேதான் இறங்கியிருக்கா. இடது கால் சும்மா தொட்டுக்கத்தான்.

தண்ணித் தொட்டிகிட்டக் கூட்டிட்டுப் போய், "எவ்வளவு நாளா இப்படி?"ன்னேன்.

"என்ன மேடம்?"

"இடது முட்டி."

கரகரன்னு கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆறேழு மாசமா இருக்காம். அவங்க ஊர் கோச் முக்கியமான மேட்ச்னா ஊசி போட ஏற்பாடு பண்ணிடுவானாம். எனக்கு வந்த கோவம் இருக்கே! "அவன் மனுஷனா? வளர்ற பிள்ளை காலுக்கு ஊசி போட்டு ஆடவிடுறானே, அவன் விளங்குவானா?"ன்னு கத்திட்டேன். அந்தப் பக்கம் போனவங்கள்லாம் திரும்பிப் பாத்தாங்க.

அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "மேடம், யார்கிட்டயும் சொல்லிராதீங்க. ஊர்ல நான் நடந்து போனா கரண்டுக் கம்பம் போகுதும்பாங்க. பஸ்ல குனிஞ்சுதான் நிப்பேன். வீட்டு நிலைல தலை இடிக்கும். இந்தக் கோர்ட்டுக்குள்ள வந்தாத்தான் மேடம் நான் சரியான அளவு. வேற எங்கயும் நான் பெருசு."

அது எனக்குச் சொல்லித் தரணுமா? என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க, நான் காபி கொண்டுட்டு வந்து நிமிந்ததும் டம்ளரைக் கீழ வச்சுட்டுப் போனவங்கதான். சரி, அந்தக் கதை எதுக்கு.

"ஊசி போட்டு ஆடக்கூடாதும்மா"ன்னு சொன்னேன். அப்பத்தான் அவ கேட்டா. மரியாதையாத்தான் கேட்டா, ஆனா கேட்டுட்டா.

"நீங்களும் ஊசி போட்டுத்தானே மேடம் ஆடுனீங்க? நான் எட்டாவது படிக்கும்போது எங்க ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வந்தீங்க. 'வலி வரும், போயிரும். தோத்தது போகாது'ன்னு சொன்னீங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. நான் அதை எங்க வீட்டு நிலைக்கு மேல சாக்பீஸ்ல எழுதி வச்சிருக்கேன். இன்னும் இருக்கு."

அது வேற, இது வேறன்னேன். வேறதானே? அது நேஷனல்ஸ். எங்க மாஸ்டர் யாரு, இவன் யாரு? ஏதோ ஒரு டுபாக்கூர் கோச். எங்க மாஸ்டரைக் கொண்டு போய் அவனோட சேத்துப் பேசினா வயிறு எரியாதா? நான் அதுக்கு மேல அவகிட்டப் பேசல. விசுக்குன்னு வந்துட்டேன்.

அந்தக் கோவத்துலதான் போட்டுக் கொடுத்துட்டேன்னு அவ நினைச்சுக்கிட்டா. இல்லம்மா. என்னை நம்பி ஒருத்தர் அனுப்பியிருக்கார், பொய் சொல்ல முடியுமா? அவ நல்லதுக்கும்தான். தனபாலன்கிட்டப் போய், "குள்ளியை எடுங்க. அந்தப் பொண்ணுக்கு முட்டி சரியில்ல. ஒரு வருஷம் ஆடாம வைத்தியம் பாத்தாத் தேறிடுவா. விஷயம் உங்களோட இருக்கட்டும்"னு சொன்னேன். அவர் எந்திரிச்சு நின்னு கும்பிட்டார். "தெய்வம் மேடம் நீங்க"ன்னார்.

சென்னைல பெரிய ஹோட்டல்ல டிராஃப்ட். பிள்ளைங்களை முன் வரிசைல உக்கார வச்சிருந்தாங்க. சுடர் கோட்டு போட்டுட்டு வந்திருந்தா, யார்கிட்டயோ இரவல் வாங்கினது போல, கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழயே நின்னு போச்சு. அவங்க அம்மா மில்லுக்கு லீவு போட்டுட்டு வந்து பக்கத்துல உக்காந்திருந்தாங்க.

முதல் பேர் ஷமீமா. அவ மேடைக்குப் போறதுக்கு முன்னாடி சுடர் தோள்ல ஒரு தட்டு தட்டிட்டுப் போனா. அடுத்து சுடர்தான்னு எல்லாரும் நினைச்சாங்க. நானும் நினைச்சேன், யாராவது முட்டி விஷயம் தெரியாம எடுத்துருவாங்களேன்னு. ரெண்டாவது டீம் வேற பேரைச் சொல்லுச்சு. மூணாவதும் வேற. ஒரு சுத்து முடிஞ்சு அடுத்த சுத்து. எவளெவளோ எந்திரிச்சுப் போறா. சுடர் அம்மா ஒவ்வொரு தடவையும் சேலையைச் சரி பண்ணிக்கிட்டுத் தயாராகுறாங்க, திரும்பச் சாயுறாங்க. சுடர் திரும்பி என்னைப் பாத்தா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். நான் தனபாலன் ஒருத்தர்கிட்டத்தானேம்மா சொன்னேன்?

கடைசிச் சுத்துல தனபாலன் கையைத் தூக்கினார். "சுடர்க்கொடி, திருச்சி"ன்னார். சிரிச்சுக்கிட்டே என் பக்கம் குனிஞ்சு, "ரெண்டையும் எடுத்தாச்சு மேடம். விஷயத்தைக் கொஞ்சம் கசிய விட்டேன், ஒருத்தனும் தொடல"ன்னார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் வார்த்தையைத் தூண்டில்ல மாட்டி மீன் பிடிச்சிருக்கார். சண்டை போட்டேன். நல்லாவே போட்டேன். "வைத்தியம் பாக்கத்தான் மேடம் எடுத்தேன். நீங்களே டீமோட ஆலோசகரா இருந்து பாத்துக்கங்க"ன்னார். சரின்னுட்டேன். அவளைப் பாத்துக்க ஆள் வேணும்ல? அதுக்காகத்தான் இருந்தேன். யூனிபார்ம் கோட்டு, பெஞ்சுல சீட்டு, இதுக்கெல்லாம் ஆசைப்படுற வயசா எனக்கு?

சீசன் ஆரம்பிச்சுது. கோச் வடக்கத்தியர், தனபாலன் தலையசைச்சா இவரும் தலையசைப்பார். முதல்ல சுடரைக் கொஞ்ச நேரம்தான் இறக்குனாங்க. டீம் ஜெயிக்க ஜெயிக்க நேரம் கூடுச்சு. ஊசியும் வந்துச்சு. நான் கேட்டேன். "டாக்டரே போடுறார் மேடம்"னாங்க. டாக்டரே போட்டா நான் என்ன சொல்ல?

இந்த ஷமீமா என்ன செஞ்சா தெரியுமா? சுடருக்குப் பந்து தர்றதை நிறுத்திட்டா. சுடர் ரிங்குக்குக் கீழ கையைத் தூக்கிக்கிட்டு நிப்பா, சும்மா தூக்கிப் போட்டாப் போதும், இவ அந்தப் பக்கம் திரும்பவே மாட்டா. தானே தூரத்துலேர்ந்து எறிவா. பாதி போகும், பாதி போகாது. கூட்டம் கத்தும், "பாஸ் குடுறீ"ன்னு. இவ காதுல வாங்கமாட்டா. நான் கூப்பிட்டுக் கண்டிச்சேன். "பந்து போனா அவ குதிப்பா மேடம். குதிக்க வேண்டாம்"ங்குறா. சாக்கு பாருங்க சாக்கு! பொறாமைம்மா. முதல்ல கூப்பிட்டது இவளைத்தான், ஆனாக் கூட்டம் கை தட்டுறது அவளுக்கு. வேற என்ன? இதையெல்லாம் நான் எவ்வளவு பாத்திருக்கேன்.

அப்படியும் ஃபைனல் வந்துட்டோம். கடைசில வந்த டீம், மறு வருஷம் ஃபைனல்! பாதி ஆட்டத்துல கொஞ்சம் பின்னாடி இருக்கோம். சுடர் பெஞ்சுல உக்காந்து முட்டில ஐஸ் வச்சிருக்கா. கோச் தனபாலனைப் பாக்குறார். தனபாலன் என்னைப் பாக்குறார். ஷமீமா குறுக்க வந்து நிக்கிறா, "அவ ஆட வேண்டாம். நாங்க பாத்துக்குறோம்"னு. அவ யாரும்மா அதைச் சொல்ல?

சுடர் யாரையும் பாக்கல. என்னைத்தான் பாத்தா. "மேடம், ஆடவா?"ன்னா. டிராஃப்டுக்கு அப்புறம் அவ என்கிட்ட நேராப் பேசினது அன்னைக்குத்தான்.

நான் ஆடுன்னு சொல்லலம்மா. அதை எங்க வேணா சத்தியம் பண்ணுவேன். ஆடுங்குற வார்த்தை என் வாயிலேர்ந்து வரல. தோள்ல கை மட்டும் வச்சேன். "வலி வரும், போயிரும்"னேன். ஆறுதலாத்தான் சொன்னேன். மீதியை அவதான் சொன்னா. "தோத்தது போகாது மேடம்"னு சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுட்டா.

எப்படி ஆடினா! அந்த மாதிரி நான் யாரும் ஆடிப் பாத்ததில்ல. நானே ஆடினதில்ல. அந்த நேரத்துல எனக்கு என் முட்டியே ஞாபகம் இல்ல, நானும் எந்திரிச்சு நின்னு கத்துறேன். கடைசி நேரம், சமமா இருக்கு. ஷமீமாவை மூணு பேர் மறிச்சுட்டாங்க. வேற வழி இல்லாம பந்தை மேல எறிஞ்சா. சுடர் குதிச்சா. கை ரிங்கைத் தொட்டுச்சு. பந்து உள்ள போயிருச்சு.

அவ இறங்குனா. எந்திரிக்கல.

கூட்டம் கத்துன கத்துல அவ கத்துனது யாருக்கும் கேக்கல. காகிதப் பூவா மேலேர்ந்து கொட்டுது. கோப்பை வாங்க வான்னு முதலாளி கூப்பிடுறார், ஷமீமா வரல. சுடர் தலையை மடில வச்சுக்கிட்டு நடுக் கோர்ட்டுல உக்காந்திருக்கா. போட்டோல பாருங்க, முதல் ஆளா எடுத்த பொண்ணு போட்டோலயே இல்ல. அவ்வளவு திமிர்.

ஜவ்வு ரெண்டு இடத்துல கிழிஞ்சிருச்சு. மதுரைல ஆபரேஷன் பண்ணாங்க. அவங்க அம்மா மில்லுக்குப் போகாட்டி அடுப்பு எரியாது, வீட்டுல பாத்துக்க ஆள் இல்ல. ஷமீமாதான் கம்பத்துக்குக் கூட்டிட்டு வந்து தன் வீட்டுல வச்சிருக்கா. குத்த உணர்ச்சியா இருக்கும். கடைசிப் பந்தை எறிஞ்சது அவதானே?

இப்ப அடுத்த சீசனுக்குக் கேம்ப் ஆரம்பிச்சாச்சு. ஷமீமா வரல, போனும் எடுக்குறதில்ல. "நீங்க சுடரைப் பாக்கப் போறீங்கள்ல மேடம், அப்படியே அவளைக் கூட்டிட்டு வந்துருங்க"ன்னார் தனபாலன். நான் பாக்கணும்னுதான் போனேன். அவர் சொல்லாட்டியும் போயிருப்பேன். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டுத்தான் போனேன்.

போனா, ஹால்ல பாயைப் போட்டு சுடரைப் படுக்க வச்சு, காலை மடக்கி நீட்டி மடக்கி நீட்டி, எக்சர்சைஸ் கொடுத்துட்டு இருக்கா ஷமீமா. சுடர் பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுகுறா. இவ, "அழு, நல்லா அழு, சத்தமா அழு. இங்க யாரும் கை தட்டமாட்டாங்க"ங்குறா. அது ஆறுதலா திட்டான்னு எனக்குப் புரியல.

உக்கார வச்சாங்க. ஷமீமா அம்மா டீ போட்டுக் கொடுத்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். "சுடரு படி ஏறட்டும் மேடம், நானா வர்றேன். அதுவரைக்கும் முதலாளியை வேற யாரையாவது கூப்பிட்டுக்கச் சொல்லுங்க"ன்னுட்டா. எத்தனை பிள்ளைங்க இந்த இடத்துக்குத் தவம் கிடக்குதுங்கன்னு எடுத்துச் சொன்னேன். மண்டைல ஏறல. எந்திரிச்சுத் துணி காயப்போடப் போயிட்டா.

சுடர் மெலிஞ்சு போயிட்டா. கன்னம் ஒட்டிப்போச்சு. என்ன பேசுறதுன்னு தெரியாம, "அடுத்த வருஷம் ஆடிரலாம்மா"ன்னேன். அவ முட்டிக்குக் கீழ தலகாணியைச் சரி பண்ணிக்கிட்டா. அப்புறம் அவளே ஆரம்பிச்சா.

"மேடம், பேப்பர்காரங்க வந்தாங்க. யாரு உன்னை ஆடச் சொன்னதுன்னு கேட்டாங்க."

"நீ என்னம்மா சொன்னே?"

"ஜெபா மேடம் ஆட வேண்டாம்னுதான் சொன்னாங்க, நான்தான் கேக்காம போனேன்னு சொல்லிட்டேன். கவலைப்படாதீங்க."

கொல்லைலேர்ந்து ஷமீமா குரல் வருது, "ஏண்டி பொய் சொல்றே?"ன்னு. "நீ சும்மா இருடி"ன்னு சுடர் சொல்றா. அப்புறம் என் கையைத் தொட்டு, "டீ ஆறுது மேடம், குடிங்க"ன்னா.

குடிச்சேன். நல்ல பொண்ணும்மா. பெரியவங்களை எங்கயும் விட்டுக் கொடுக்கமாட்டா. வளர்ப்பு அப்படி. நான் அன்னைக்கே முதல்ல பாத்த உடனே சொன்னேன்ல, குணம்னா அவதான்னு.

வாசல் வரைக்கும் சுவரைப் பிடிச்சுக்கிட்டே வந்து வழி அனுப்பினா. நல்லபடியாப் போயிட்டு வாங்கன்னா. எனக்கு மனசு நிறைஞ்சிருக்கணும். பஸ் ஸ்டாண்டுல இட்லி வாங்கினேன், ஒரு வாய்க்கு மேல இறங்கல. பொட்டலத்தை அப்படியே கட்டி வச்சிருக்கேன். இப்பவும் நெஞ்சுல என்னமோ நிக்கிற மாதிரியே இருக்கு. ரோடு சரியில்ல, அதுதான். இந்த பஸ்ஸு குலுக்குற குலுக்குல யாருக்குத்தான் இறங்கும்? நீங்க சாப்பிடுறீங்களா? இட்லி இன்னும் சூடாத்தான் இருக்கும்.